நடை மீட்ட வரலாறு

கடாரம் என்னும் பெயரை வகுப்பறையில் சொல்லும்போது தமிழாசிரியரின் குரலில் தானாகவே ஒரு பெருமிதம் புகுந்துவிடும். 1025-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து சென்று வென்ற நாடு அது. பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள் அதன் தொன்மைக்கு இன்றும் சான்று பகர்கின்றன. ஆயினும், அதே கெடா மண்ணில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கித்தா மரங்களுக்கிடையே நடந்து நடந்தே வாழ்ந்து மறைந்த தமிழ் மக்களின் வரலாற்றை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை. அவ்வரலாற்றைத் தாங்கியவை அவர்தம் கால்களே.

பால்வெட்டைக் கைத்தொழில் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது பெரிதும் கால்தொழில். ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட நிரைகளில் ஏறத்தாழ 400 முதல் 600 மரங்கள் இருக்கும். விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து, உயர்ந்த வெட்டுக்கு நிமிர்ந்து, வெட்டு முடிந்தபின் அதே வழியில் மீண்டும் சென்று மங்குகளில் நிறைந்த பாலைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பாலை வாளிகளில் நிரப்பி, காண்டாக்கம்பின் இருபுறமும் தொங்கவிட்டு, ஈரம் படிந்த மேடு பள்ளங்களைக் கடந்து நிறுவைக் கொட்டகைக்குச் சுமந்து செல்ல வேண்டும். இத்துணை நடைக்கும் குனிவுக்கும் அச்சாணியாக அமைந்தது இடுப்பு மூட்டு.

அந்த அச்சாணி முறிந்தவர்க்கு நேர்ந்தது யாது? செயற்கை மூட்டு வந்தபின் அவர் நிலை எவ்வாறு மாறிற்று? அறுவைக்குப் பின்னும் இடர்கள் சூழும்போது, தோட்டங்களிலிருந்து சிறுநகர்களுக்குப் பெயர்ந்துவிட்ட குடும்பங்கள் அவற்றை எங்ஙனம் எதிர்கொள்கின்றன? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு வள்ளுவர் வகுத்த ஓர் அளவுகோல் துணைபுரியும். மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரியும் துணைவர் என்பனவே அந்நான்கு. மருத்துவருக்கும் மருந்துக்கும் புகழ் சேர்த்த உலகம், ஏனைய இருவரையும் பெரும்பாலும் மறந்துவிட்டது. ஆனால் நோயுற்றவரும் துணைவரும் வாய்திறந்து பேசும் இடத்திலேதான் மீட்சி தொடங்குகிறது என்பதைக் கெடாவின் தோட்டப்புற வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

பெரட்டும் டிரசரும்

1909-ஆம் ஆண்டு ஆங்கிலேய – சயாம் உடன்படிக்கையின் வழியே கெடா ஆங்கிலேயரின் செல்வாக்குக்குள் வந்தது. வடபகுதியில் நெல்வயல்கள் விரிந்திருக்க, தென்பகுதியின் கோலமூடா, கூலிம், பாலிங் வட்டாரங்களில் கித்தாத் தோட்டங்கள் பெருகின. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டம், பாடாங் செராய் வட்டாரத்து விக்டோரியா, ஹென்றியெட்டா தோட்டங்கள் முதலியன தமிழ்க் குடும்பங்களின் ஊர்களாகவே மாறின. லயங்களின் அஞ்சடியில் பிறந்து, ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, தோட்டப்பள்ளியில் எழுத்தறிந்து, மீண்டும் அதே நிரைக்குத் திரும்பிய தலைமுறைகள் பல.

அம்மக்களின் நாள் பெரட்டில் தொடங்கிற்று. இருள் பிரியாத வேளையில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தவர்க்கே அன்றைய கூலி. பெரட்டுக்கு வராதவர் பெயர் செக்ரோலில் ஏறாது. பெயர் ஏறாத நாளுக்குக் கூலியும் கிடையாது. நோயென்று சொல்பவர் தோட்டத்து டிரசரிடம் செல்ல வேண்டும். உண்மையான நோய் எது, வேலைக்கு அஞ்சிய சாக்கு எது என்று தீர்ப்பவர் அவரே. காய்ச்சலைக் கருவி காட்டும். புண்ணைக் கண் காட்டும். இடுப்புக்குள் குடையும் வலியைக் காட்ட எந்தக் கருவி அவரிடம் இருந்தது?

டிரசர்களைக் குறை கூறுவது இதன் நோக்கமன்று. மலேரியா மக்களை வாரிக்கொண்டு சென்ற நாள்களில் கொய்னா கொடுத்ததும், பாம்பு தீண்டியவரை நள்ளிரவில் காத்ததும், மகப்பேற்றுக்குத் துணைநின்றதும் அவர்களே. மருத்துவர் எப்போதோ ஒருநாள் வந்து போகும் தோட்டங்களில், வள்ளுவர் கூறிய துணைவரின் இடத்தில் மட்டுமன்றி மருத்துவரின் இடத்திலும் அவர்களே நின்றனர். குறை அமைப்பில் இருந்தது. வலியைச் சொன்னால் கூலி போகும் என்ற அமைப்பு, வலியை விழுங்கிக்கொள்ளும் பழக்கத்தை மக்களிடம் ஊன்றிவிட்டது. ‘தாங்கிக்கொண்டான்’ என்பது ஒருவனுக்குச் சூட்டப்படும் பாராட்டாயிற்று. பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மகளுக்கும் வழிவழியாய் இறங்கிய இப்பழக்கம், தோட்டம் அழிந்தபின்னும் அழியவில்லை. பின்னாளில் அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு இதுவே பெரும்பகையாய் நின்றது.

செயற்கை மூட்டு வருமுன் இடுப்பு முறிந்தவர் நிலை இரங்கத்தக்கது. கையெலும்பு முறிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியர் உண்டு. எண்ணெய் தடவி நீவிவிடும் மலாய்க் கைவைத்தியரும் உண்டு. முன்கை எலும்பு ஓரளவு அவ்வாறு கூடிவிடும். தொடையெலும்பின் கழுத்துப் பகுதி அங்ஙனம் எளிதிற் கூடுவதில்லை. தலைப்பகுதிக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் அக்கழுத்தை ஒட்டியே செல்வதால், எலும்பு முறியும்போது அவையும் அறுபடுகின்றன. குருதி பெறாத எலும்புத் தலை மெல்ல மடிகின்றது. ஆகவே, வழுக்கி விழுந்த மூதாட்டி அஞ்சடியின் ஓரத்தில் கிடத்தப்படுவார். படுக்கைப் புண்ணும் நுரையீரற் சளியும் சில மாதங்களில் அவரைக் கொண்டுபோகும். ‘விழுந்தார், படுத்தார், போய்விட்டார்’ என்று மூன்று சொற்களில் முடிந்த வாழ்க்கைகள் எத்தனையோ!

தந்தம் முதல் நெகிழி வரை

பழுதுபட்ட மூட்டை அகற்றி வேறொன்றைப் பொருத்தும் எண்ணம் ஐரோப்பாவில் முளைத்தது. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெர்லின் நகர மருத்துவர் தெமிஸ்டாக்கிளஸ் குளுக், யானைத் தந்தத்தால் மூட்டுகள் செய்து நோயாளிகளுக்குப் பொருத்தினார். காசநோய் தாக்கிய மூட்டுகளில் அவர் செய்த அறுவைகள் தொற்றினால் தோல்வியுற்றன. 1923-இல் பாஸ்டன் நகரத்து ஸ்மித் பீட்டர்சன் கண்ணாடிக் கிண்ணத்தை மூட்டுக்குள் வைத்துப் பார்த்தார், கண்ணாடி நொறுங்கியது. 1938-இல் அவரே உலோகக் கலவையாலான கிண்ணத்துக்கு மாறினார். 1940-இல் அமெரிக்கரான ஆஸ்டின் மூர், தொடையெலும்பின் மேற்பகுதிக்கு மாற்றாக உலோக உறுப்பைப் பொருத்தினார்.

மலாயாவுக்கு அண்டை நாடான பர்மாவில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. மண்டலை நகர மருத்துவர் சான் பாவ், 1960-இல் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுக்காலம், முறிந்து கூடாத இடுப்புகளுக்கு யானைத் தந்தத்தாலான மூட்டுத் தலைகளைப் பொருத்தினார். உலோக மூட்டு விலைமிகுந்த அந்நாளில், உள்ளூர்க் கைவினைஞர் செதுக்கித் தந்த தந்தம் கைகொடுத்தது. 300-க்கு மேற்பட்டோர் அவர் கையால் அறுவை பெற்றனர். மீண்டவர்களுள் பலர் குத்துக்காலிட்டு அமரவும் மிதிவண்டி ஓட்டவும் கூடியவராயினர். நாற்காலியில் அமரும் மேனாட்டார் கேட்டிராத ஒரு வினாவை ஆசிய மக்களின் வாழ்க்கை மருத்துவத்திடம் கேட்டது. ‘நடக்க முடியும், தரையில் அமர முடியுமா?’ என்பதே அவ்வினா. அது கெடாவின் லயன் வீடுகளுக்கும் உரிய வினாவாகும்.

பிழையை ஒப்புக்கொண்ட மருத்துவர்

இன்றைய முழு மூட்டு மாற்றுக்கு வழிவகுத்தவர் இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில், ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. சிறிய உலோகத் தலையும், அது உராய்வின்றிச் சுழல்வதற்கு வழவழப்பான கிண்ணமும் என்பது அவர் வகுத்த அமைப்பு. முதலில் கிண்ணத்துக்கு டெப்லான் என்னும் நெகிழிப் பொருளைத் தேர்ந்தார். ஏறத்தாழ 300 பேருக்கு அது பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் நோயாளிகள் வலி நீங்கி மகிழ்ந்தனர். ஓரிரு ஆண்டுகளில் டெப்லான் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள தசையைக் கெடுத்து, மூட்டைத் தளரச் செய்தன.

சார்ன்லி அத்தோல்வியை மூடி மறைக்கவில்லை. அறுவை பெற்றவர்களை மீண்டும் அழைத்து, கெட்டுப்போன மூட்டுகளைத் தம் கையாலேயே அகற்றினார். டெப்லான் துகள்களைத் தம் தொடையிலேயே ஊசிவழி செலுத்திக்கொண்டு, அவை கட்டியாய்த் திரள்வதைக் கண்டு அதனை மருத்துவ இதழில் அறிவித்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹாரி கிரேவன் சோதித்துக் காட்டிய வேறொரு நெகிழி, அடர்மிகு பாலித்தீன், மிகக் குறைவாகவே தேய்ந்தது. 1962 நவம்பரில் சார்ன்லி அதனைப் பயன்படுத்தத் தொடங்கினார். அந்நாளே இக்கால இடுப்பு மூட்டு மாற்றின் பிறந்தநாள் எனலாம்.

அடுத்து அவர் எதிர்கொண்டது தொற்று. தொடக்ககால அறுவைகளில் அது 7 விழுக்காட்டளவில் இருந்தது. அறுவைக் கூடத்துக்குள் வடிகட்டிய தூய காற்றைச் செலுத்துதல், மருத்துவர் விடும் மூச்சே காயத்தில் படாதவாறு தனி உடை அணிதல் போன்ற முறைகளால் பத்தாண்டுகளில் அதனை 1 விழுக்காட்டுக்கும் கீழே கொணர்ந்தார். 1970-இல் செருமனியின் புக்ஹோல்ட்ஸ், எலும்பையும் மூட்டையும் பிணைக்கும் சிமெந்திலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலக்கும் முறையை அறிவித்தார். 2007-இல் இலண்டனிலிருந்து வெளிவரும் புகழ்மிக்க மருத்துவ இதழொன்று இடுப்பு மூட்டு மாற்றை நூற்றாண்டின் அறுவை என்று போற்றியது.

அப்புகழின் அடியில் இருப்பது யாது? தோல்வியைக் கண்டவர் அதனை உரக்கச் சொன்னார்; சொன்னதனால் அடுத்த வழி பிறந்தது. மறைத்திருந்தால் 300 பேரின் துன்பமும் வீணாகியிருக்கும். மருத்துவரின் பக்கத்தில் நிகழ்ந்த இந்த ‘வெளிப்படச் சொல்லுதல்’, நோயாளியின் பக்கத்திலும் நிகழ வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

கடல் கடந்து சென்ற சிகிச்சை

தென்கெடா மக்களுக்கு அருகிருந்த பெரிய மருத்துவமனை பினாங்கில் இருந்தது. கூலிமிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் பேருந்தில் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து பெரியில் கடலைக் கடக்க வேண்டும். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது அத்தடை குறைந்தது. 2007-இல் அலோர் ஸ்டாரில் சுல்தானா பாஹியா மருத்துவமனை இயங்கத் தொடங்கியது; சுங்கை பட்டாணியிலும் பெரிய மருத்துவமனை எழுந்தது. அறுவைக்கான தொலைவு இவ்வாறு சுருங்கிற்று.

மறுபுறத்தில், தோட்டத்துக்குள் இருந்த துணை தேய்ந்துகொண்டே வந்தது. 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனைத் தடுக்கும் நோக்குடன் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம் என்பதை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். ஆயினும் துண்டாடப்பட்ட பிற தோட்டங்களில் மருந்தகம் நடத்தும் பொறுப்பை ஏற்பார் இல்லாமற் போயினர். கித்தாவுக்குப் பதில் செம்பனை வந்தது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இளைஞர் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். முதியோர் பிள்ளைகளோடு நகர்ப்புறத் தாமான் வீடுகளிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் குடியேறினர்.

சமூகக் காப்பும் இவர்களை முழுதும் அணைத்துக்கொள்ளவில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971-இல் தொடங்கிய சொக்சோ, வேலையில் நேரும் விபத்துக்கு ஈடு தருவது. ஓய்வு பெற்ற முதியவர் தம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுவது வேலை விபத்தாகாது. அரசாங்க மருத்துவமனையில் படுக்கைக்கும் அறுவைக்கும் கட்டணம் குறைவாயினும், செயற்கை மூட்டின் விலையைக் குடும்பமே தேட வேண்டிய நிலை பலருக்கு ஏற்படுகின்றது. நகை அடகுக்குப் போகும். கூத்துப்பணம் முன்கூட்டியே எடுக்கப்படும். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற மூட்டு ஆதலால், அதில் ஏதேனும் கோளாறு தோன்றினால் முதியவர் அதனைச் சொல்லவே கூசுகிறார். ‘பிள்ளைகள் இவ்வளவு செலவழித்தபின் இன்னும் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?’ என்ற தயக்கம், பெரட்டுக் காலத்து மௌனத்தின் மறுபிறவியன்றோ?

அறுவைக்குப் பின் வரும் நாள்கள்

இடர் என்பது பெரும்பாலோர்க்கு நேர்வதன்று. எனினும் நேருங்கால் அதன் முகத்தை அறிந்திருத்தல் உயிர்காப்பாகும். முதலாவது, குருதி உறைதல். அறுவைக்குப் பின்வரும் வாரங்களில் கெண்டைக்கால் வீங்கி வலித்தால், கால் நரம்புக்குள் குருதிக்கட்டி தோன்றியிருக்கலாம். அது பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் திடீரென மூச்சுத்திணறும். உயிருக்கே ஊறு நேரும். குருதி உறையாமற் காக்கும் மருந்தைத் தவறாது உட்கொள்வதும், படுத்த நிலையில் பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், மருத்துவர் கூறியவாறு விரைவில் எழுந்து நடப்பதும் காப்பாகும். ‘அறுவை செய்த உடம்பு, அசையாமற் கிடக்கட்டும்’ என்ற வீட்டாரின் அன்பே சில வேளைகளில் தீங்காய் முடிகின்றது.

இரண்டாவது, மூட்டு நழுவுதல். சுற்றுத் தசைகள் வலுப்பெறாத முதல் சில மாதங்களில், தாழ்ந்து குனியும்போதோ காலை உட்புறமாகத் திருப்பும்போதோ பந்து கிண்ணத்தை விட்டு வெளியேறக்கூடும். கடும் வலி தோன்றும், கால் குறுகித் திரும்பி நிற்கும், ஊன்ற இயலாது. அப்போது கைவைத்தியரை அழைத்து நீவவிடுவது பெருந்தவறு. அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாயில் அமர்ந்து உண்பதும், சம்மணமிட்டு வழிபடுவதும், குத்துக்காலிட்டுக் கழிப்பதும் வழக்கமான இல்லங்களில் இவ்விடரைத் தடுக்க வீட்டையே மாற்றியமைக்க நேர்கின்றது. உயர்ந்த உறுதியான நாற்காலி, கழிப்பறையில் அமர்வதற்கேற்ற இருக்கை, வழுக்காத தரை, இரவில் அணையாத சிறுவிளக்கு ஆகிய நான்கும் பெரும் செலவின்றி அமையக்கூடியவை. அறுவை செய்த முறையையும் மூட்டின் வகையையும் பொறுத்து விலக்குகள் வேறுபடுமாதலால், எவை கூடும், எவை கூடா என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டறிதல் முறை.

மூன்றாவது, தொற்று. இது மிகக் கொடியது. மிக மெல்ல வருவதும் இதுவே. காயத்தில் நீர் கசிதல் நிற்காமை, சிவப்பு, காய்ச்சல், வலி நீங்கிய மூட்டில் புதிதாய் எழும் வலி ஆகியன அதன் அறிகுறிகள். ஆண்டுகள் பல கழிந்தபின்னும், காற்புண்ணிலிருந்தோ பிற உறுப்புத் தொற்றிலிருந்தோ கிருமிகள் குருதிவழி மூட்டை அடையலாம். இனிப்புநீர் நோய் உடையவர்க்கு இவ்விடர் மிகுதி. 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோருள் 18.3 விழுக்காட்டினர் அந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். இந்தியருள் அவ்வளவு 31.4 விழுக்காடு. ஆகவே, செருப்பின்றி நடந்து காலில் முள் தைத்ததைச் ‘சிறிய புண்தானே’ என்று விட்டுவிடும் பழக்கம், இடுப்புக்குள் இருக்கும் மூட்டையே இழக்கச் செய்யும். வீட்டில் மீந்திருக்கும் மாத்திரைகளைத் தாமே விழுங்குவதும் தீங்கே. கிருமி எது என்று சோதனையில் கண்டறிய இயலாமல் அது தடுத்துவிடும்.

தொற்று முதலிலேயே அறியப்பட்டால், காயத்தைத் திறந்து கழுவி, மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. காலம் தாழ்த்தினால் மூட்டையே அகற்றி, மருந்து கலந்த சிமெந்துத் துண்டை இடைக்காலத்துக்கு வைத்து, வாரக்கணக்கில் மருந்து செலுத்தி, தொற்று நீங்கியபின் புதிய மூட்டைப் பொருத்த நேரும். ஆக, ‘இரண்டு நாள் பார்ப்போம்’ என்று சொல்லாமற் கழித்த இரண்டு வாரங்களின் விலை, இரண்டு பேரறுவைகளும் பல மாத முடக்கமும் ஆகும்.

மறுமூட்டு வைக்க இயலாதவர்க்கும் வழி முற்றாக அடைபடவில்லை. ஆக்ஸ்போர்டு மருத்துவர் கேர்டில்ஸ்டோன் பெயரால் வழங்கும் பழைய முறையில் மூட்டுப் பகுதி வெற்றிடமாக விடப்படுகின்றது. கால் குறுகும், ஊன்றுகோல் தேவைப்படும், ஆனால் வலி தணியும், தரையில் அமரவும் முடியும். வாரணாசியைச் சேர்ந்த துலி என்னும் மருத்துவர், காசநோயாலும் சீழாலும் கெட்ட இடுப்புகளுக்கு இம்முறை பயன்படுவதை 1981-இல் விளக்கினார். தரையில் அமர்ந்து வாழும் மக்களுக்கு அது தோல்வியாகத் தோன்ற வேண்டியதில்லை. ஊன்றுகோலுடன் கோயில் வாசல்வரை செல்லும் நடையும் நடையே.

நான்காம் கூறு

இவ்விடர்களுக்கு மேலாக, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடர் உண்டு. அது மனம் தளர்தல். மூன்று மாதத்தில் நடப்பேன் என்று நம்பியவர், ஓராண்டு கழித்தும் வாக்கரைப் பிடித்து நிற்கும்போது தாம் பிறர்க்குச் சுமையானதாக எண்ணத் தொடங்குகிறார். உணவைக் குறைக்கிறார், பயிற்சியைக் கைவிடுகிறார், வாளாவிருக்கிறார். ஒருகாலத்தில் நாள்தோறும் ஐந்நூறு மரங்களைச் சுற்றி வந்த கால்களுக்குப் பத்தடி தொலைவிலுள்ள வாயில் எட்டாத நாடாகின்றது. அவ்வேளையில் அவருக்கு வேண்டியது நாளொன்றுக்கு ஓரடி கூடுதலாக நடக்கச் செய்யும் துணை.

அத்துணை பெரும்பாலும் ஒரு மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, காலையில் காயத்தைப் பார்த்து, மருந்தெடுத்துக் கொடுத்து, குளிக்க வைத்து, படியேறும்போது நல்ல காலை முதலிலும் இறங்கும்போது அறுவை செய்த காலை முதலிலும் வைக்கச் சொல்லித் தருபவர் அவர். அவருடைய உழைப்பு எந்தச் செக்ரோலிலும் ஏறுவதில்லை. அதற்கு விடுப்புமில்லை, கூலியுமில்லை. தோட்டக் காலத்தில் டிரசர் ஏற்றிருந்த பணியின் ஒரு பகுதி, சம்பளமின்றி இவர் தோள்மீது வந்து விழுந்திருக்கிறது. அவரைக் காணாத மருத்துவ வரலாறு அரைகுறையானது.

துணைமை ஒரு கல்வியாகவும் வளர்ந்திருக்கிறது. தமிழகத்து வேலூரில், 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே பயின்று, பிறர்க்கு மறுவாழ்வளிக்கும் மருத்துவத் துறையை அங்குக் கட்டியெழுப்பினார். மலேசியாவில் சொக்சோ நிறுவனம் 2014-இல் மலாக்காவில் மறுவாழ்வு மையத்தைத் திறந்தது. கெடாவிலேயே, ஜெராய் மலையடிவாரத்துச் செமிலிங்கில், 2001-இல் தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவத்தோடு இயன்மருத்துவத்தையும் கற்பிக்கின்றது. பால்வெட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கல்வியைப் பெற்று, தம் பாட்டன் பாட்டியரின் தலைமுறைக்கு நடை பயிற்றக்கூடிய காலம் வாய்த்திருக்கின்றது. நடை பழகிய குழந்தை வளர்ந்து, நடை பழக்கியவருக்கு மீண்டும் நடை பழக்குவது வரலாறு தந்த இனிய கைம்மாறு அன்றோ?

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. மருந்து அதிகாரத்தை நடத்தும் ஆசிரியர், நான்கு கூறுகளைப் பட்டியலிட்டதோடு நில்லாமல், அவரவர் இல்லத்தில் நான்காம் கூறாக நிற்பவர் யார் என்று மாணவரைக் கேட்கலாம். பழைய தோட்டத்து மருந்தகம் எங்கே இருந்தது, டிரசர் யார், இடுப்பு முறிந்தவரை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று முதியோரிடம் கேட்டெழுதச் செய்யலாம். கேட்கும் செவி கிடைத்தால், நெடுங்காலம் வலியை விழுங்கியவரும் வாய்திறப்பர். பழங்கதையைச் சொல்லத் தொடங்கும் பாட்டி, ‘இரண்டு நாளாய்க் காயத்தில் நீர் கசிகிறது’ என்பதையும் அதனூடே சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல் அவருடைய மூட்டைக் காக்கும். சில வேளைகளில் உயிரையும் காக்கும்.

சார்ன்லி தம் தோல்வியைச் சொன்னார், உலகம் நடந்தது. பெரட்டில் வாய்மூடி நின்ற தலைமுறையின் வழித்தோன்றல்கள் தம் வலியைச் சொல்லட்டும். அருகிருப்போர் அதனைக் கேட்கட்டும். கடாரத்தை வென்ற வரலாறு ஒரு படையெடுப்போடு முடிந்தது. கடாரத்து மண்ணில் விழுந்தவர் எழுந்து நடந்த வரலாறோ, நாள்தோறும் ஒவ்வோர் இல்லத்திலும் ஓரடி ஓரடியாக இன்றும் எழுதப்பட்டு வருகின்றது.